அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாரிமுனையில் வந்து நிற்பவர்களுக்கு மாத்திரமே சென்னையின் பழைய பட்டணம் தன் முகத்தைக் காட்டும். மற்ற ஆறு நாட்களிலும் மீன்பாடி வண்டிகளும், மூட்டை சுமப்போரின் கூவலும், ஒரு கடையின் சரக்கு அடுத்த கடையின் வாசல்வரை வந்து படிந்து கிடக்கும் நெருக்கடியும் சேர்ந்து, தலை நிமிர்ந்து ஒரு மாடத்தையோ ஒரு மரத்தூணையோ பார்க்க அவகாசம் தருவதில்லை. ஆகையால், சில ஆண்டுகளாகக் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு இந்தத் தெருக்களில் சரித்திர நடை போய்வரும் நான், கடைகள் கதவடைத்திருக்கும் அந்த ஒரு காலைப் பொழுதையே எப்போதும் தேர்ந்துகொள்கிறேன். வெயில் ஏறுவதற்குள் மூன்று மணி நேரம்; கடக்கிற தூரமும் அதிகமில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் ஆர்மீனியர், யூதர், தெலுங்குச் செட்டிமார், தமிழ் முதலியார், குஜராத்திச் சௌகார் என்று எத்தனையோ ஜனங்கள் வந்து, தொழில் செய்து, கோயில் கட்டி, தங்கள் பெயரைத் தெருவுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நடையை நான் ஆரம்பிக்கும் இடம் பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். 1788-இல் சென்னைக்கு வந்து வர்த்தகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரால் வழங்கும் அந்த முனையில், 1940-இல் எழுந்த டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக, கவனிப்பார் இல்லாமல் ஒரு கல்தூண் நிற்கிறது. 1773-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியைத் தாங்கிய அந்தக் கல், அக்காலத்தில் நாட்டப்பட்ட எல்லைத் தூண்களில் எஞ்சியிருக்கும் ஒன்றேயாகும். இந்த வரிசைக்குத் தெற்கே, கோட்டை வரையில், எவரும் வீடு கட்டலாகாது என்பதுதான் அந்தத் தூண்கள் சொன்ன செய்தி. ஏன் கட்டலாகாது என்று கேட்டால், அங்கே முன்பு ஒரு பட்டணமே இருந்தது என்றும், அது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. இன்று உயர்நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்கள் நிற்கும் விஸ்தாரமான அந்த வெளியின் கீழே புதையுண்டு கிடப்பதே சென்னையின் முதல் ஊர்.

1639 ஆகஸ்டு 22-ஆம் தேதியிட்ட சாசனத்தின் மூலம் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கடற்கரை மணலைப் பெற்றனர். அந்தத் தேதியைத்தான் இப்போது மதராஸ் தினமென்று கொண்டாடுகிறோம். பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் கோட்டை எழுப்பினார்கள் என்று பாடப் புத்தகங்கள் கூறும்; அவர்களுக்கு வாயாகவும் காதாகவும் இருந்த துபாஷ் பேரி திம்மப்பாவைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை. கம்பெனியாருக்கு வேண்டியிருந்தது துணி. துணிக்கு நெசவாளரும், சாயமிடுவோரும், சித்திரச் சீலை எழுதுவோரும், வெளுப்போரும் வேண்டும். அவர்களை அழைத்துவந்து குடியேற்றிய இடம் கோட்டையின் வடக்கு மதிலுக்கு அப்பால் அமைந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் தம்முடையதை வெள்ளையர் பட்டணமென்றும் இதைக் கறுப்பர் பட்டணமென்றும் அழைத்தனர். இங்கே இருந்தவர்களோ, வேங்கடாத்ரியின் தந்தையாகிய சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னபட்டணம் என்றே சொல்லிவந்தார்கள். இன்று எந்தப் பெயர் நிலைத்திருக்கிறது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். உடன்படிக்கையின்படி 1749-இல் திருப்பிக் கொடுப்பதற்குள், கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட பாடம் விபரீதமானது: கோட்டைக்கு அருகில் வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றின் மறைவில் நின்று சுடுவான், ஆகவே பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய வெட்டவெளி வேண்டும் என்று தீர்மானித்து, மிஞ்சியிருந்த பழைய பட்டணத்தையும் 1757-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களே அகற்றினார்கள். நூறு வருஷங்களுக்கு மேலாக அங்கே வாழ்ந்து, வீடு கட்டி, பிள்ளை பெற்று, சாமி கும்பிட்டவர்கள் வடக்கே இன்னொரு ஊரைத் தேடிப் போனார்கள். கம்பெனியாரின் மயானமும் அந்தப் பட்டணத்தின் ஓரத்தில்தான் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படைவீரர் அந்தக் கல்லறைகளையே அரணாகக் கொண்டு போரிட்டதால், பிறகு அவையும் அகற்றப்பட்டன. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், கவர்னர் எலிஹூ யேலின் சின்னஞ்சிறு மகன் டேவிட் உறங்கும் சமாதி இன்னும் இருக்கிறது. இடிபட்ட வீடுகளில் வாழ்ந்த நெசவாளர், துபாஷ், வண்ணார் ஆகியோரின் ஞாபகத்துக்கு ஒரு கல்லும் கிடையாது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு நாங்கள் வடக்கே திரும்பி, தெருக்களுக்குள் நுழைகிறோம்.

நுழைந்ததும் வருவது ஆர்மீனியன் தெரு. அதன் தமிழ்ப் பெயரை அரண்மனைக்காரத் தெரு என்று வாசித்ததும், ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பிள்ளை, "ஐயா, இங்கே யாருடைய அரண்மனை இருந்தது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அரண்மனை ஒன்றும் இருக்கவில்லை. ஆர்மீனியர் என்ற அந்நியச் சொல்லைத் தமிழ்நாக்கு தனக்குத் தெரிந்த ஒரு சொல்லாக மாற்றிக்கொண்டது. பட்டும் ரத்தினமும் விற்று, பெரிய மாளிகைகளில் வாழ்ந்த அந்தச் செல்வர்களுக்கு அரண்மனைக்காரர் என்ற பெயர் பொருந்தியும் போயிற்று. இந்தத் திரிபைப் பிழை என்று தள்ளிவிடுவோர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. அந்த ஜனங்களைத் தினமும் பார்த்து, அவர்களோடு பேரம் பேசி, அவர்கள் வீட்டு வாசலைக் கடந்துபோன சாமானிய மனிதன் அவர்களுக்கு இட்ட பெயர் அது. எந்தக் கம்பெனி தஸ்தாவேஜிலும் கிடைக்காத சாட்சியம்.

பாரசீகத்தின் ஜுல்ஃபா நகரிலிருந்து வந்த இந்த வணிகர்கள் 1688-இல் கம்பெனியாரோடு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். அவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் 1726-இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டைப் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தார். பரங்கிமலையின் படிகளும் அவருடைய தர்மமே. தெருவில் இருக்கும் கன்னிமரியாள் ஆலயம் 1772-இல் எழுந்தது. ஓங்கிய மதிலின் நடுவே மரக்கதவைத் திறந்து உள்ளே காலடி வைத்ததும், பாரிமுனையின் இரைச்சல் எங்கோ விலகிப் போய்விடுகிறது. மரநிழலில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், தனியே நிற்கும் மணிக்கூண்டு, அதற்குள் ஆறு பெரிய மணிகள். கல்லறைகளில் ஒன்றின்மேல் விரித்துவைத்த புத்தகத்தின் உருவம் செதுக்கியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். அது ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்திலேயே ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையாகிய 'அஸ்தரார்' 1794-இல் அவரால் இந்தச் சென்னப்பட்டணத்தில்தான் வெளியிடப்பட்டது. அதற்கும் முன்னே, 1770-களில், ஷாஹாமீர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் இங்கேயே அச்சுக்கூடம் வைத்து, சுதந்திரம் பெறப்போகும் ஆர்மீனியாவுக்கென்று ஓர் அரசியல் சட்டத்தை எழுதி அச்சிட்டார். சொந்த நாடு பாரசீகருக்கும் துருக்கியருக்கும் அடிமைப்பட்டுக் கிடக்க, வங்காள விரிகுடாவின் கரையில் உட்கார்ந்து குடியரசுக்குச் சட்டம் வகுத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இன்று இந்த ஆலயத்துக்கு வழிபட வர ஆர்மீனியர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மணி மாத்திரம் தவறாமல் அடிக்கிறது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் தம்புச் செட்டித் தெரு. இங்குள்ள காளிகாம்பாள் ஆலயம் முதலில் கோட்டைப் பக்கத்தில் இருந்து, பின்னர் இங்கே வந்ததென்பது ஐதிகம். விசுவகர்மப் பெருமக்களின் பராமரிப்பில் இருப்பது. 1677-இல் மகாராஷ்டிர மன்னர் சிவாஜி அம்பிகையைத் தரிசித்தார் என்று ஆலயத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைக் குறித்து ஆராய்ச்சியாளர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அந்த வருஷம் சிவாஜி தம் தென்னாட்டுப் படையெடுப்பின்போது கோட்டையிலிருந்த கம்பெனியாருக்கு ஆள் அனுப்பி, விஷமுறிவுக்கான மருந்துக் கற்களை வேண்டினார் என்பதும், கம்பெனியார் விலை வாங்காமல் அவற்றைக் காணிக்கையாகவே அனுப்பிவைத்தார்கள் என்பதும் அவர்களுடைய குறிப்பேடுகளிலேயே உள்ள செய்தி. ஒரு பேரரசன் விஷத்துக்கு அஞ்சிய காலம். அவனுக்கு அஞ்சி வர்த்தகர்கள் பணிந்த காலம். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லி, எது ஆவணம், எது ஐதிகம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஐதிகத்தையும் ஜனங்களே பல தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள் என்பதால் அதை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

பவளக்காரத் தெருவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து லண்டன் சென்று, அங்கிருந்து கம்பெனிக் கப்பலில் சென்னை வந்தது. அதற்கு மாற்றாகக் கோல்கொண்டாவின் வைரம் இங்கிருந்து லண்டனுக்குப் போயிற்று. இந்த வர்த்தகத்தின் இரு முனைகளையும் கையில் வைத்திருந்தவர்கள், போர்ச்சுகல் தேசத்தில் மதத்தின் பேரால் துன்புறுத்தப்பட்டு வெளியேறிய யூதர்கள். 1688 செப்டம்பரில் சென்னை நகரசபை கூடியபோது, அதன் உறுப்பினர்களில் ஆங்கிலேயருடனும் போர்ச்சுகீசியருடனும் இந்துக்களுடனும் யூத வணிகர்களும் அமர்ந்திருந்தார்கள். தென்கடலோரத்தில் ஒரு தெருவில் வாழ்ந்த மனிதனின் பிழைப்பு, இத்தாலியக் கடலில் பவளம் எடுப்பவனின் கையையும், கிருஷ்ணா நதிக்கரையில் மண்ணைத் தோண்டுகிறவனின் கையையும் நம்பியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பிறகு வைரம் குறைந்தது, யூதர்கள் போய்விட்டார்கள், அவர்கள் தெருவில் நகரத்தார் விடுதியும் வேறு வணிகர்களின் கடைகளும் வந்தன. பெயர் மட்டும் பவளத்தை விடவில்லை.

இத்தனை நேரம் நாங்கள் நடந்தது முத்தியாலுப்பேட்டை. மேற்கே பிராட்வேயைக் கடந்தால் பெத்தநாயக்கன்பேட்டை. பட்டணத்துக்குப் பரம்பரைக் காவல்காரனாகிய பெத்தநாயக்கனின் பெயர் அது. இரண்டுக்கும் நடுவே முன்பு ஒரு பள்ளம், சதுப்பும் சாக்கடையுமாக ஓடிக்கொண்டிருந்தது. 1778-இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் பாபம் என்ற வழக்கறிஞர் அந்தச் சதுப்பை வடித்து, மேடாக்கி, அகன்ற சாலை ஒன்றைப் போட்டார். அந்தச் சாலைக்கு இன்று ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயர். 1928-இல் சைமன் கமிஷன் பகிஷ்காரத்தின்போது, துப்பாக்கி ஏந்திய போலீஸின் எதிரே மார்பைத் திறந்து காட்டி நின்ற அந்த மகானின் பெயரை அந்த இடத்துக்கு அருகிலேயே வைத்தது மிகவும் பொருத்தம். ஆயினும் ஜனங்கள் பிராட்வே என்றே சொல்லுகிறார்கள்.

இந்தப் பள்ளம் மண்ணில் மட்டும் இருந்ததன்று. இடங்கை, வலங்கை என்று பிரிந்து நின்ற சாதியார், எந்த ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகலாம் என்பதற்காகப் பட்டணம் உண்டான நாள் முதலே சண்டையிட்டு வந்தார்கள். 1707-இல் கல்யாண ஊர்வலங்களைப் பற்றி மூண்ட கலகம் முற்றி, வலங்கையினர் பட்டணத்தையே விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். வேலைகள் யாவும் நின்றுபோயின. கவர்னர் தாமஸ் பிட் முத்தியாலுப்பேட்டையை இடங்கையினருக்கும் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினருக்கும் என்று பகுத்துவிட்டார். காளிகாம்பாள் ஆலயம் அந்தப் பக்கத்திலும், கோமுட்டிச் செட்டியாரின் கன்னிகா பரமேசுவரி ஆலயம் இந்தப் பக்கத்திலும் அமைந்திருப்பதன் காரணம் இப்பொழுது விளங்கும். பழைய ஊரைப் பற்றிப் பேசும்போது அதன் வாசனைத் திரவியங்களை மட்டும் பேசி, இந்தக் கசப்பை மறைப்பது நியாயமில்லை. கல்யாணப் பல்லக்கு எந்தத் தெருவில் திரும்பியது என்பதற்காக மனிதர் அடித்துக்கொண்டார்கள். அந்நிய வர்த்தகன் நடுவராக உட்கார்ந்து தெருக்களைப் பங்கு போட்டான். இது நம்முடைய சரித்திரமேதான்.

பூக்கடைக்கு வரும்போது எட்டு மணி ஆகிவிடும். மல்லிகையும் சாமந்தியும் ஈரத்தோடு மணக்கும் அந்த வழியாகச் சென்றால், தேவராஜ முதலி தெருவை ஒட்டி, சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் ஒருவருக்கொருவர் அண்டைவீட்டுக்காரராகக் கோயில்கொண்டிருக்கிறார்கள். ஊரின் பெயரைத் தாங்கிய இந்தத் தெய்வங்கள் முதலில் இருந்த இடம், காலையில் நாங்கள் நின்று பார்த்த உயர்நீதிமன்ற வெளி. கவர்னர் பிட் எழுதுவித்த பட்டணப் படத்திலே பெரிய கோயில் என்று குறிக்கப்பட்டிருக்கும் பட்டணம் கோயில் அதுவே. பழைய ஊரை இடித்தபோது கோயிலையும் இடித்தார்கள். ஜனங்கள் அடைந்த துயரத்தைக் கண்ட கம்பெனியார் மாற்று நிலம் கொடுத்தனர். கவர்னர் பிகாட்டின் துபாஷாகிய மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தாமும் பொருளளித்து, பிறரிடமும் திரட்டி, இரட்டைக் கோயிலாக இவற்றை எழுப்பினார். பீரங்கிக்கு வழிவிட்டு இடம்பெயர்ந்த தெய்வங்கள் இவை. நடை வந்த பிள்ளைகளில் ஒருத்தி, பிராகாரத்தில் உட்கார்ந்தபடி, "அப்படியானால் சாமியும் நம்மோடு வீடு காலிசெய்து வந்ததா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் பல ஆண்டுகளாகச் சொல்ல முயன்றதை அந்தக் குழந்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

இதற்கப்பால் தெருக்கள் நெருங்குகின்றன. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, கோடவுன் தெருவில் ஜவுளி, நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனமும் அத்தரும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி; கொத்தவால் சாவடியின் காய்கறி மண்டி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. கந்தகோட்டத்து முருகனை வணங்கிவிட்டுத் தங்கசாலைத் தெருவைப் பிடித்தால், அது நேராக வடக்கே நீண்டுகொண்டே போகிறது. 1840-களில் நாணயம் அடிக்கும் சாலை அதன் வடகோடியில் ஏற்பட்டு, 1869-இல் மூடப்பட்டு, பின்னர் அரசாங்க அச்சகமாயிற்று.

ஆனால் தமிழ் படித்தவனுக்கு அந்தத் தெரு வேறு தங்கத்தைத் தந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் வித்தியாநுபாலன யந்திரசாலையை இங்கேயும் நிறுவி, பிழையற்ற பதிப்புகளை வெளியிட்டார். அதே வட்டாரத்தின் குஜிலிக்கடையிலே, மலிவான தாளில் அச்சிட்ட கொலைச் சிந்தும், கும்மியும், தெம்மாங்கும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. நாவலர் பதிப்பைக் கையில் தொடும் பண்டிதரும், குஜிலிப் பாட்டை மூர்மார்க்கெட் வரை பாடிக்கொண்டு போன பாமரரும் ஒரே தெருவில் உராய்ந்து நடந்திருப்பார்கள். சங்கீதமும் இங்கே குறைவில்லை: திருவையாற்றிலிருந்து வந்த தியாகராஜ சுவாமிகள் பந்தர் தெருவில் கோவூர் சுந்தர முதலியார் இல்லத்தில் தங்கினார், வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைதோறும் தம் வீட்டில் மீட்டிய வீணையைக் கேட்க வித்துவான்களே வந்து மூச்சடக்கி உட்கார்ந்திருந்ததும் இந்தப் பட்டணத்தில்தான்.

நடை முடிவது ஏழுகிணற்றில். 1772-இல் காப்டன் பேக்கர் என்பவர் இங்கே கிணறுகளைத் தோண்டி, அவற்றின் இனிய நீரைக் கோட்டைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். ஊரை இடித்து வெளியேற்றிய கோட்டைக்கு, அந்த ஊர் தஞ்சம் புகுந்த மண்ணிலிருந்தே குடிதண்ணீர் போயிற்று. அருகே வீராசாமிப் பிள்ளைத் தெருவில், சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்து, சிறு பிராயத்திலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்த இராமலிங்க அடிகள் வளர்ந்த வீடு இருக்கிறது. இந்த வீட்டிலிருந்து கந்தகோட்டத்துக்கு நாங்கள் இப்போது நடந்த தெருக்களின் வழியே தினமும் நடந்துபோய், அங்கேதான் அவர் தெய்வமணிமாலை பாடினார். இடங்கை என்றும் வலங்கை என்றும் பங்கு போட்ட தெருக்களில் நடந்து பழகிய அந்தப் பாதங்கள்தாம், பின்னாளில் வடலூருக்குச் சென்று, சாதியும் சமயமும் பொய்யென்று சொல்லி, எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சோறு சமைக்கச் செய்தன.

இந்த நடையில் வருஷத்துக்கு வருஷம் நான் காட்டக்கூடியது குறைந்துகொண்டே வருகிறது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செருகிச் சுண்ணாம்பு அடித்த தளமும், திண்ணையும், முற்றமும் கொண்ட வீடுகள், சென்ற முறை பார்த்தவை, அடுத்த முறை தகரத் தடுப்புக்குப் பின்னே மறைந்து, பிறகு கண்ணாடி முகப்போடு வெளிப்படுகின்றன. சொத்துக்குரியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் அவர்கள்தாம் படுக்கவேண்டும். ஆனால் வீடு போனாலும் பெயர் போகவேண்டாம். அரண்மனைக்காரத் தெருவை அந்தப் பெயராலேயே பலகையில் எழுதுங்கள். பவளக்காரத் தெருவைச் சுருக்காதீர்கள். அடுத்த முறை கல்யாணப் பத்திரிகை அச்சிட ஆண்டர்சன் தெருவுக்கு வருகிற வாசகர்கள், கால்மணி நேரம் ஒதுக்கி, பாரிமுனையிலுள்ள அந்த எல்லைக் கல்லையும், பூக்கடையில் குடிபெயர்ந்து வந்த அந்தக் கடவுளரையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.